"டீச்சர், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

கேள்வி: எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பெரிய வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் 16 வயதுப் பையன் ஒருவன் ஃபோனில் ஒரு வீடியோவைக் காட்டினான். "பைபிளில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்று 325இல் நிசேயாவில் கான்ஸ்டன்டைன் ராஜா ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்தார். கைப்பிரதிகளில் 4 லட்சம் வித்தியாசம் இருக்கிறது. நோவா கதை கில்காமேஷிலிருந்து சுட்டது. இயேசுவின் கதை ஹோரஸ், மித்ரா கதைகளின் நகல்." இவ்வளவும் 7 நிமிடத்தில். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாரோ எப்போதோ அனுப்பிய ஒரு செய்தியை அந்த வீடியோவுக்குக் கீழே பதிலாகப் போட்டேன்: "24,000 கைப்பிரதிகள் உள்ளன, ஓர் எழுத்துகூட மாறவில்லை." அரை மணி நேரத்தில் நாலைந்து பேர் ஆதாரத்தோடு வந்து என்னைக் கிழித்துவிட்டார்கள். பையனும் அதைப் படித்திருக்கிறான். அடுத்த வாரம் வந்து, "டீச்சர், மாற்கு கடைசி அதிகாரத்துல பாதி பழைய பிரதிகள்ல இல்லையாமே, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இப்படிப்பட்ட விமர்சனங்களுக்கு எப்படிப் பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வீடியோவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் போட்ட பதிலைப் பார்ப்போம். இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுப் பாடம் நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன், அந்த ஒரு வரியில் இரண்டு தவறு இருக்கிறது.

24,000 என்பது கிரேக்கக் கைப்பிரதிகளோடு லத்தீன், சீரியம், காப்டிக், அர்மீனியம் என்று மொழிபெயர்ப்புப் பிரதிகளையும் உத்தேசமாகக் கூட்டிச் சொல்லும் கணக்கு. புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கைப்பிரதிகள் மட்டும் என்றால் 5,500க்கும் மேல். அதிலும் கணிசமானவை சில ஏடுகள், கிழிந்த துண்டுகள். பெரும்பாலானவை 9ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு எழுதப்பட்டவை. இது முதல் தவறு. "ஓர் எழுத்துகூட மாறவில்லை" என்பதோ தவறு மட்டுமல்ல, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. கையால் எழுதிய இரண்டு பிரதிகள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் அதுதான் அதிசயம். அவர்கள் உங்களைக் கிழித்ததில் நியாயம் இருக்கிறது. வருத்தப்படாதீர்கள், அந்த வரியை மேடையிலிருந்தே சொல்லும் பிரசங்கியார்களை நான் கேட்டிருக்கிறேன்.

சரி, 4 லட்சம் வித்தியாசம் உண்மையா? உண்மைதான். அதற்கு மேலும் சொல்கிறார்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் மொத்தச் சொற்களே சுமார் 1,38,000தான். அப்படியென்றால் ஒரு சொல்லுக்கு மூன்று பிழையா என்று கேட்கத் தோன்றும். வீடியோக்காரர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். இந்த எண் எப்படி வந்தது என்று பாருங்கள். 1707இல் ஜான் மில் என்ற ஆங்கிலேயர், 30 வருடம் உழைத்து, ஏறக்குறைய 100 கைப்பிரதிகளை ஒப்பிட்டு ஒரு பதிப்பு வெளியிட்டார். அதில் 30,000 வேறுபாடுகளைக் குறித்திருந்தார். அன்றைக்கும் இதே கூச்சல்தான்: வேதமே போச்சு என்று பக்தர்கள் பதறினார்கள், மாட்டிக்கொண்டீர்களா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அதற்கு ரிச்சர்ட் பென்ட்லி என்ற அறிஞர் சொன்ன பதிலின் சாரம் இது: வித்தியாசங்களை மில் உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததை எண்ணினார், அவ்வளவுதான். ஒரே ஒரு பிரதி தப்பிப் பிழைத்த நூலில் வேறுபாடே இருக்காது, ஆனால் அதில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்காது. பிரதி கூடக் கூட வேறுபாட்டின் எண்ணிக்கையும் கூடும், திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். நம் பழைய இலக்கியங்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் அடிக்குறிப்பில் 'பாடபேதம்' என்று போடுவார்களே, அதேதான் இது. பாடபேதம் நிறைய இருப்பதால் சங்கப் பாட்டு பொய் என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு பாடபேதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ரோமர் 5:1. நம் பழைய மொழிபெயர்ப்பில் தேவனிடத்தில் "சமாதானம் பெற்றிருக்கிறோம்" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் இது 'எகொமென்'. சில பிரதிகளில் 'எகோமென்' என்று இருக்கிறது, அதாவது "சமாதானம் பெற்றிருப்போமாக". ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒரு குறில் நெடில்தான். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதியில் முதலில் எழுதியவர் நெடில் போட்டிருக்கிறார், பிறகு ஒருவர் அதைக் குறிலாகத் திருத்தியிருக்கிறார். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு எழுதும்போது காதில் இரண்டும் ஒன்றாகவே விழும் காலம் அது. வீரமாமுனிவருக்கு முந்தைய ஏடுகளில் ஒகரமும் ஓகாரமும் ஒரே மாதிரி எழுதப்பட்டதால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்த தமிழருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த லட்சங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ரகம்: எழுத்துப் பிழை, சொல் முன்பின்னாவது, 'இயேசு' என்பது 'கர்த்தராகிய இயேசு' ஆவது.

"மிகப் பெரும்பாலானவை" என்று சொல்லிவிட்டு நம் ஆட்கள் வழக்கமாக நிறுத்திக்கொள்வார்கள். அங்கே நிறுத்தாதீர்கள். மீதியையும் நீங்களே சொல்லிவிடுங்கள். மாற்கு 16:9 முதல் 20 வரை மிகப் பழைய இரண்டு பெரிய பிரதிகளான சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை (யோவான் 7:53 முதல் 8:11 வரை) மிகப் பழைய பிரதிகளில் இல்லை, சில பிரதிகளில் அது லூக்கா சுவிசேஷத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. 1 யோவான் 5:7இல் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று மூவரைச் சொல்லும் வரி, லத்தீன் வழியாகப் பிற்காலத்தில் நுழைந்தது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் வெளியிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அது இல்லை. கண்டனம் கிளம்பிய பிறகு, அந்த வரியோடு ஒரு கிரேக்கப் பிரதியும் காட்டப்பட, 1522இல் சேர்த்தார். நம் பழைய மொழிபெயர்ப்பில் அது இன்றைக்கும் இருக்கிறது. திரித்துவத்துக்கு ஆதாரமாக அந்த வசனத்தை யாராவது உங்கள் வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தால், வேறு வசனத்துக்கு மாறிக்கொள்வது நல்லது. திரித்துவ உபதேசம் அந்த ஒரு வரியின் மேல் நிற்கவில்லை. அதை வகுத்துச் சொன்ன 4ஆம் நூற்றாண்டின் கிரேக்கப் பிதாக்கள் அந்த வரியை வைத்து வாதாடவில்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். கைப்பிரதிகள் எத்தனை ஆயிரம் இருந்தாலும், மாற்கு என்ன எழுதினார் என்பதற்குத்தான் அவை சாட்சி. எழுதியது நடந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பி, "இத்தனை பிரதி இருக்கிறது, ஆகவே உயிர்த்தெழுதல் உண்மை" என்று வாதாடினால் எதிரில் இருப்பவர் ஒரு நிமிடத்தில் மடக்கிவிடுவார்.

அடுத்து நிசேயா. இங்கே வீடியோ நேராகவே பொய். 325இல் அந்த ஊரில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய பேராயர்களின் சங்கம் ஆரியுஸ் என்பவரின் போதனையைப் பற்றியது. குமாரன் பிதாவுக்குச் சமமானவரா, படைக்கப்பட்டவரா என்பதுதான் சண்டை. ஈஸ்டர் எந்த நாளில் கொண்டாடுவது என்றும் பேசினார்கள். அங்கே போட்ட 20 ஒழுங்குவிதிகள் நம் கைக்கு வந்திருக்கின்றன. தன்னைத்தானே காயடித்துக்கொண்டவர் குருவாகலாமா, குருமார் வட்டிக்குக் கொடுக்கலாமா, ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்று ஜெபிக்கலாமா என்றெல்லாம் இருக்கிறது. புத்தகப் பட்டியல் இல்லை. முழங்காலைப் பற்றிக்கூட விதி போட்டவர்கள் வேதாகமத்தின் பட்டியலை ஓட்டெடுத்துத் தீர்மானித்திருந்தால் அதைப் பதியாமலா விட்டிருப்பார்கள்?

இந்தக் கதை பிறந்தது 9ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் எழுதப்பட்ட ஒரு கிரேக்க நூலில். எல்லாப் புத்தகங்களையும் பீடத்தருகே வைத்து ஜெபித்தார்களாம், தேவ ஏவுதல் பெற்றவை மேலே இருந்தனவாம், போலிகள் கீழே கிடந்தனவாம். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் இதை எடுத்து வைத்துக் கிண்டலடித்தார். ஆக, விசுவாசிகள் பக்தியாகக் கட்டிய கதையைத்தான் இன்றைக்கு விசுவாசத்துக்கு எதிராக வீசுகிறார்கள். நாம் செய்து கொடுத்த கல்தான் திரும்பி வருகிறது.

ஆனால் "பொய்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். பையன் உண்மையில் கேட்பது, அப்படியானால் யார்தான் முடிவு செய்தது என்பது. அதற்கு நேர்மையான பதில், ஒரே நாளில் ஒருவரும் முடிவு செய்யவில்லை. 140களில் மார்சியோன் என்பவர் வெட்டிக் குறைத்த லூக்காவையும் பவுலின் 10 நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு பழைய ஏற்பாட்டையே தள்ளினார். எது வேதம் என்று சபைகள் வாய்விட்டுச் சொல்லவேண்டி வந்தது அதன் பிறகுதான். சுமார் 180இல் லியோன் நகரத்துப் பேராயர் இரேனேயு, சுவிசேஷங்கள் நான்குதான், குறையவும் கூடாது கூடவும் கூடாது என்று அடித்துச் சொல்கிறார். நான்கு சுவிசேஷங்களும் பவுலின் நிருபங்களும் இப்படி சீக்கிரமே நிலைபெற்றுவிட்டன. இழுபறி ஓரங்களில்தான்: எபிரெயர், யாக்கோபு, 2 பேதுரு, 2, 3 யோவான், யூதா, வெளிப்படுத்தின விசேஷம். இன்று நாம் வைத்திருக்கும் அதே 27 புத்தகங்களை அப்படியே பட்டியலிட்ட மிகப் பழைய ஆவணம், அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியு 367இல் சபைகளுக்கு எழுதிய பாஸ்கா கடிதம். நிசேயா முடிந்து 42 வருடம் கழித்து! சினாய்ப் பிரதியைப் புரட்டினால், வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் பிறகு, இன்று நம் வேதாகமத்தில் இல்லாத பர்னபா நிருபமும் ஹெர்மாவின் மேய்ப்பரும் இருக்கின்றன. இன்றைக்கும் புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66, கத்தோலிக்கர்களிடம் 73. கான்ஸ்டன்டைனுக்கு இதில் பங்கே இல்லையா என்றால், ஒன்று உண்டு: புதிய தலைநகரின் சபைகளுக்காக 50 பிரதிகள் எழுதித் தரும்படி செசரியாவின் பேராயர் யூசேபியுவுக்கு ஆணையிட்டார். செலவை ஏற்றார், அவ்வளவு.

பழைய ஏற்பாட்டிலும் இதே நேர்மை வேண்டும். 1947 முதல் சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களைப் பற்றி நம் ஆட்கள் உற்சாகமாகப் பேசுவார்கள். ஏசாயாவின் பெரிய சுருள் 7 மீட்டருக்கு மேல் நீளம், அதுவரை கையிலிருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது, அப்படியிருந்தும் பெருமளவு ஒத்துப்போகிறது. உண்மை. அதே குகைகளில் எரேமியாவின் துண்டுகளும் கிடைத்தன. அவற்றில் ஒன்று நம்மிடம் உள்ள எரேமியாவோடு போகாமல், ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவாக உள்ள கிரேக்க எரேமியாவோடு போகிறது. அந்த நூல் இரண்டு வடிவத்தில் புழங்கியிருக்கிறது. ஏசாயாவைச் சொல்லி எரேமியாவை விழுங்குவது பாதி சாட்சி. குறுக்கு விசாரணையில் நிற்காது.

நோவாவும், பழைய மெசொப்பொத்தேமிய (இன்றைய ஈராக்) காவியமான கில்காமேஷும்: 1872இல் ஜார்ஜ் ஸ்மித் நினிவேயில் கிடைத்த களிமண் பலகைகளைப் படித்தபோதே இந்த ஒற்றுமை உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயும் பெட்டகம் உண்டு, மலையில் தட்டுவது உண்டு, பறவை விடுவது உண்டு. புறா, தகைவிலான், கடைசியில் காகம். ஆதியாகமத்தில் காகம் முதலில், பிறகு புறா. மெசொப்பொத்தேமியக் கதை வடிவம் ஆதியாகமத்தைவிடப் பழையது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆபிரகாமே ஊர் என்கிற கல்தேயரின் பட்டணத்திலிருந்து வந்தவர் என்றுதானே நம் புத்தகம் சொல்கிறது. ஆனால் "சுட்டது" என்று சொல்லிவிட்டால் கதையைப் படித்ததாக ஆகாது. மெசொப்பொத்தேமியாவின் இன்னொரு பழைய வடிவத்தில் மனிதர்கள் போடும் சத்தத்தில் தூங்க முடியாமல் தேவர்கள் வெள்ளம் அனுப்புகிறார்கள். கில்காமேஷில் வெள்ளம் வடிந்ததும் பலி வாசனைக்குத் தேவர்கள் ஈக்களைப் போல மொய்க்கிறார்கள். ஆதியாகமத்தில் பூமி கொடுமையால் நிறைந்ததுதான் காரணம். எல்லோருக்கும் தெரிந்த கதையை எடுத்து, 'ஏன்' என்பதை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பையனை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பயப்படாதீர்கள், கில்காமேஷ் அருமையான காவியம்.

எகிப்தியத் தெய்வம் ஹோரஸ், ரோமர் வணங்கிய மித்ரா, இவர்களுக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ரோமச் சிற்பங்களில் மித்ரா கன்னியிடம் அல்ல, பாறையிலிருந்து பிறக்கிறார். ஹோரஸின் தாய் ஐசிஸ், கணவன் ஒசிரிஸ் மூலமாகவே கருத்தரிக்கிறாள். டிசம்பர் 25இல் பிறந்ததும் நகல்தான் என்பார்கள்; அந்தத் தேதி எந்த சுவிசேஷத்திலும் இல்லை. அந்தத் தேதிக்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்று 354இல் ரோமில் தொகுத்த ஒரு நாட்காட்டி. அது எங்கிருந்து வந்ததென்று வாதிடலாம், ஆனால் அதனால் வேதாகமத்துக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை.

இந்த இடத்தில் 2012இல் நடந்த இரண்டு சங்கதிகளைச் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் செப்டம்பரில், இயேசு "என் மனைவி" என்று சொல்வதாக ஒரு சின்னப் பாப்பிரஸ் துண்டு பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரோடு வெளியாகி உலகமெங்கும் தலைப்புச் செய்தி ஆனது. நாலு வருடத்தில் அது போலி என்பது அம்பலமாகி, வெளியிட்ட பேராசிரியரே அப்படித்தான் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். நம் ஆட்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் அதே 2012 பிப்ரவரியில், முதல் நூற்றாண்டைச் சேர்ந்த மாற்கு சுவிசேஷத் துண்டு கிடைத்துவிட்டது என்று நம் தரப்பு அறிஞர் ஒருவர் பொது விவாத மேடையில் அறிவித்திருந்தார். எத்தனை கூட்டங்களில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள்! 2018இல் முறையாகப் பதிப்பித்தபோது, அது 2ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 3ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்றார்கள். நானும் அதை ஒரு வகுப்பில் சொல்லியிருந்தேன், "கேள்விப்பட்டேன்" என்ற பாதுகாப்பு வார்த்தையைப் போட்டுத்தான். இருந்தாலும் அந்த மாணவர்களுக்கு எழுதித் திருத்தவேண்டி இருந்தது. அதில் ஒருவர் போதகராகி அதற்குள் அதைப் பத்திரிகையிலேயே எழுதிவிட்டிருந்தார். அந்தத் தொலைபேசி உரையாடல் சுகமாக இல்லை.

ஆகவே, எதற்கெல்லாம் பதில் எழுதுவது என்று கேட்டால், வீடியோவுக்குக் கீழே எழுதுவதை அடியோடு விட்டுவிடுங்கள் என்பேன். அங்கே படிப்பவர்கள் பதிலைத் தேடி வந்தவர்கள் அல்ல, வேடிக்கை பார்க்க வந்தவர்கள். உங்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று நேரில் கேட்டால் மட்டும் பேசுங்கள். பேசும்போது நாலு குற்றச்சாட்டையும் ஒரே மூச்சில் எடுக்காமல், ஒன்றை எடுத்து அதன் வேர் வரை போங்கள். எதிராளி சொன்னதில் எது சரியோ அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். ஃபார்வர்டாக வரும் செய்திகளை, அவை நமக்குச் சாதகமாக இருந்தால் இரட்டிப்பாகச் சந்தேகியுங்கள்.

இனி அந்தப் பையன். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா" என்ற கேள்வி மாற்கு 16ஐப் பற்றியது என்று நினைக்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்தே மறைத்தீர்களா, தெரியாமலே பாடம் எடுத்தீர்களா என்று கேட்கிறான். இரண்டுமே அவனுக்கு வலிக்கும், ஆனால் இரண்டாவதை மன்னித்துவிடுவான். எனக்கு அந்த வயதைத் தாண்டிக் கல்லூரியில்தான் அந்த அடிக்குறிப்பு கண்ணில் பட்டது. கிரேக்கப் பதிப்பை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் திறக்கவில்லை. பிறகு யோசித்தால், மாற்குவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்து வருடம் ஞாயிறு பள்ளிக்குப் போயும் இதை ஒருவரும் சொல்லவில்லையே என்றுதான் கோபம்.

அடுத்த ஞாயிறு அவனிடம், "அன்னைக்கு மழுப்பினேன்பா, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுங்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து சினாய்ப் பிரதியைத் திறங்கள். 2009 முதல் அதன் பக்கங்கள் படமாக இணையத்தில் கிடைக்கின்றன, பணம் கட்டவேண்டியதில்லை. மாற்குவின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். கிரேக்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணால் பார்த்தாலே புரியும்: எழுத்து நிற்கிறது, கீழே ஒரு சிறு கோட்டலங்காரம், பத்தியின் மீதி வெறும் தோல், அடுத்த பத்தியில் லூக்கா தொடங்குகிறது. நின்ற இடம் 16:8. கல்லறையை விட்டு ஓடின பெண்கள் "பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்." கிரேக்கத்தில் கடைசிச் சொல் 'கார்', ஏறக்குறைய நம் 'ஏனெனில்'. ஒரு புத்தகத்தை யாராவது அப்படி முடிப்பார்களா, கடைசி ஏடு தொலைந்ததா, மாற்கு வேண்டுமென்றே அந்தப் பயத்தோடு நிறுத்தினாரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் கடைசிக் கட்சி. இயேசு பிடிபட்ட இரவில் ஓடிப்போன ஆண் சீஷர்களைப் பற்றி ஒளிக்காமல் எழுதியவர், ஞாயிறு ஓடிய பெண்களோடு முடித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

பையன் எந்தக் கட்சி என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள்.